அத்தை பார்த்த சிங்கப்பூர்

நம் பள்ளிக்கூட செட்டிலேயே முதலில் விமானம் ஏறியவள் என்று, போன மாதம் நாம் கூடியபோது, என்னைக் காட்டி ஒருத்தி எல்லார் முன்னாலும் சொன்னாள். பேத்தியோடு சிங்கப்பூர் போய்வந்த படங்களைச் செல்போனில் தள்ளித் தள்ளிக் காட்டிக்கொண்டே, "உனக்கென்னம்மா, ஆறாங்கிளாஸ்லயே பாத்துப்போட்ட" என்றாள். நீங்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினீர்கள். எனக்கு வாயில் வைத்த இட்லி உள்ளே இறங்கவில்லை.

அந்தப் பரீட்சை லீவு முடிந்து வந்து உங்களை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து நான் அளந்ததெல்லாம் உங்களுக்கு நினைவிருக்கும். தண்ணீர் துப்பும் சிங்கம், பூமிக்கு அடியில் ஓடும் ரயில், தோளில் வந்து உட்காரும் கிளி. கதை சொன்ன கூலியாக உங்கள் கொய்யாக்காயைப் பிடுங்கித் தின்றேன். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கதையில் அத்தை வரவே இல்லை, கவனித்தீர்களா? இந்த வயதுக்கு மேல் எதை மூடிவைத்து என்ன ஆகப்போகிறது, இப்போது சொல்லிவிடுகிறேன்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கட்டிக்கொடுத்த இடத்தில் மாமா போய்ச் சேர்ந்த பிறகு, பிள்ளை குட்டி இல்லாமல் கொமரலிங்கத்திலிருந்து ஒரு தகரப்பெட்டியோடு திருப்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்தவள். அப்பா வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு நாலு மிஷினோடு பனியன் தைக்கத் தொடங்கியபோது, செக்கிங் டேபிளில் முதலில் உட்கார்ந்தது அவள்தான். தைத்து வரும் பீஸை உதறி, உள்பக்கம் திருப்பி, ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்த்து, தொங்கும் நூல்பிசிறை வெட்டி மடித்து வைக்கும் வேலை. கொட்டகை பெரிதாகி, எங்கள் சரக்கு கப்பலேறத் தொடங்கிய பிறகும் அவள் அந்த டேபிளை விட்டு எழவில்லை. அவளுக்குக் கீழே ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்தார்கள், அவ்வளவுதான். கூலி என்று அவளுக்கு யாரும் ஒன்றும் கொடுத்ததில்லை, அவளும் கேட்டதில்லை. கூடப்பிறந்தவளுக்குக் கூலி கொடுப்பது கௌரவக் குறைச்சல் என்று அப்பா நினைத்திருக்கலாம். அப்படி நினைப்பது எல்லோருக்கும் வசதியாகவும் இருந்தது.

நாம் எல்லோருமே செகண்ட்ஸ் போட்டு வளர்ந்த பிள்ளைகள், அதையும் மறந்திருக்க மாட்டீர்கள். நல்ல பீஸெல்லாம் பெட்டிக்குள் போய்விடும். கழுத்து கோணியது, சாயம் ஒழுகியது, பிரிண்ட் தலைகீழாக விழுந்தது, அதுதான் நம் உடம்புக்கு. ஒரு வருஷம் ஆகாய நீலத்தில் ஆரஞ்சு மீன் போட்ட ஒரு லாட் ஓடியது. மீனின் கண் தப்பான இடத்தில் விழுந்த பீஸெல்லாம் கழிந்து வந்து, எங்கள் தெருவில் ஒண்ணரை வயதிலிருந்து பத்து வயது வரை அத்தனை உருப்படியும் குருட்டு மீனோடு திரிந்தது.

அத்தைக்கு அதில் ஒரு மனக்குறை. வேலை நடுவில் என்னைப் பார்த்தால் பிடித்துவைத்துச் சொல்வாள். "ஏங்கண்ணு, இத்தன பீஸு பொட்டி பொட்டியாப் போகுதே, கண்ணு நல்லா இருக்கற மீன ஒருத்தராச்சும் போட்டுட்டு நடக்கறத நாம பாத்திருக்கறமா? கட்டிக்குடுத்த புள்ளய மறுக்காப் பாக்காத மாதிரி இருக்குதாயா." பக்கத்து டேபிள் பெண்கள் சிரிப்பார்கள். "ஏனுங்கக்கா, சிங்கப்பூருக்குப் போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துருங்க" என்று ஒருத்தி கிண்டலாகச் சொல்வாள். அத்தை சிரிக்க மாட்டாள். அவளுக்கு அது ஆசை, நிஜமான ஆசை.

அந்தச் சரக்கை வாங்குபவர் சிங்கப்பூர் பாய். ராமநாதபுரம் பக்கத்து ஆள், அங்கே போய்க் கடை வைத்துச் செழித்தவர். திருப்பூருக்கு வந்தால் ஓட்டலில் சாப்பிட மாட்டார், எங்கள் வீட்டில்தான். அத்தை வைக்கும் கொள்ளு ரசத்துக்கு உயிரை விடுவார். "அக்கா, இந்த ரசத்தை மட்டும் பாட்டில்ல அடைச்சுக் குடுத்தீங்கன்னா நான் பனியன் யாவாரத்தையே விட்டுடுவேன்" என்பார். அவர்தான் அந்த வருஷம் அப்பாவிடம், "குடும்பத்தோட வாங்கண்ணே. ஊரைச் சுத்திக் காட்டுறேன். அப்படியே மொத்தமா சரக்கு வாங்குற பெரிய பையர் ஒருத்தரையும் பார்த்துடலாம்" என்று சொன்னார்.

அத்தையை அழைத்துப் போவதா வேண்டாமா என்று அடுப்படியில் நடந்த பேச்சு எனக்குக் கேட்டது. "நங்கையயுங் கூட்டிட்டுப் போயிரலாமுங்க. உட்டுப்போட்டுப் போனா உங்க சனம் என்ன பேசும்? ஊர் வாய மூட ஒலமூடி ஏது?" என்றாள் அம்மா. அத்தையை அவள் நங்கை என்றுதான் கூப்பிடுவாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அதுவுமில்லாம சின்னவனத் தூக்கி வெச்சுக்க ஒரு ஆளு வேணுமல்லங்க" என்றாள். சின்னவன் என் தம்பி, அப்போது மூன்று வயது. அப்பா சரி என்றார்.

அத்தைக்கு விஷயம் தெரிந்த அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். டேபிள் பெண்களிடம் ஒவ்வொருத்தியாகப் போய்ச் சொன்னாள். பாஸ்போர்ட் படத்துக்கு அவர்களில் ஊத்துக்குளிக்காரி ஒருத்தியிடம் மூக்குத்தி இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டாள். "போனா மொதல்ல நம்ம மீனத் தேடிப்போடோணும்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னாள்.

ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டுமே. அடேயப்பா, அந்தச் சுத்தம்! நொய்யலில் சாயம் சிவப்பாகவும் பச்சையாகவும் நுரைத்து ஓடுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அங்கே ஆறு நடுவூரில் தண்ணீர் நிறத்திலேயே ஓடியதுதான் முதல் அதிசயம். தெருவில் ஒரு வெற்றிலை எச்சில் இல்லை. எச்சில் துப்பினால் போலீஸ் பிடிக்கும் என்று யாரோ சொல்லிவிட, அம்மா இரண்டு நாள் இருமவே பயந்தாள். குழாயைத் திறந்து அப்படியே தண்ணீர் குடித்தார்கள். கடைகளுக்குள் நுழைந்தால் குளிர்ந்த காற்றோடு ஒரு வாசனை வரும், புது பிளாஸ்டிக்கும் சென்ட்டும் கலந்த மாதிரி. அந்த வாசனைக்கு வெளிநாடு என்று பெயர் வைத்தேன். அங்கே வாங்கிய காந்தம் வைத்த பென்சில் பெட்டியில் அது கொஞ்ச நாள் இருந்தது. பெட்டியைத் திறந்து உங்களுக்கெல்லாம் முகரக் கொடுத்தேனே.

அப்பா அந்தப் புழுக்கத்தில் கோட்டும் சூட்டுமாகத் திரிந்தார். பெரிய மனிதர்கள் ஊரில் பெரிய மனிதராகத் தெரிய வேண்டும் என்ற நினைப்பு. ஆனால் துணிக்கடையைக் கண்டால் கோட்டு மறந்துவிடும். உள்ளே போய் டீ சர்ட்டை எடுத்து உள்பக்கம் திருப்பி, தையலைத் தடவி, கழுத்தைச் சுற்றிய ரிப் பட்டியை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்து, "இது நம்மூரு சரக்கில்ல" என்று சொல்லிவிட்டு வெளியே வருவார். கடைப்பெண் பின்னாலேயே வந்து மடித்து வைப்பாள். திருப்பூர்க்காரனை ஊட்டிக்குக் கூட்டிப்போனாலும் மலையைப் பார்க்க மாட்டான், மலையைப் பார்க்க வந்தவனின் பனியனைத்தான் பார்ப்பான். உங்கள் வீட்டுக்காரர்களும் இந்தக் கேஸ்தான், மறுக்காதீர்கள்.

முதல் நாள் அத்தையும் கூட வந்தாள். பெரிய கடை ஒன்றில் நகரும் படிக்கட்டு. அப்பா ஏறினார், நான் ஏறினேன், அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். அத்தை கீழேயே நின்றுவிட்டாள். காலை நீட்டுவாள், படி நகரும், காலை இழுத்துக்கொள்வாள். "ஏந்தம்பி, இத சித்த நிறுத்தச் சொல்லு. ஏறிக்கறேன், அப்பறம் ஓடட்டும்" என்று மேலே பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். பின்னால் கூட்டம் தேங்கியது. சீனப் பெண்கள் இரண்டு பேர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். எனக்கு அப்படியே மறைந்துபோக வேண்டும்போல் இருந்தது. நான் படியைப் பார்க்காமல் விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று மாலை அறைக்குத் திரும்பியதும் அப்பா சொன்னார். "அக்கா, நாளைக்கு வெயிலு ஜாஸ்தியா இருக்குமாம். நீங்க சின்னவன வெச்சுட்டு ரூம்லயே இருந்துக்கங்க." அத்தை, "போச்சாது போ தம்பி, பரவால்ல. எனக்கும் காலு வலிக்குது" என்றாள். நாளைக்கு என்றுதான் சொன்னார். அது அதற்கு மறுநாளும் நீண்டது, அதற்கு அடுத்த நாளும் நீண்டது.

பாய் பிடித்துக் கொடுத்திருந்த அறை உயரத்தில் ஏதோ ஒரு மாடியில் இருந்தது. எதிரே வரிசையாக அடுக்குமாடி வீடுகள். அங்கே துணி காயப்போடுவது நம்மூர் மாதிரி இல்லை. மூங்கில் கழியில் துணியைக் கோர்த்து ஜன்னலுக்கு வெளியே வானத்தில் நீட்டிவிடுவார்கள். ஒவ்வொரு ஜன்னலிலும் அப்படி நாலைந்து கழி. நாங்கள் சிங்கத்தையும் கிளியையும் பார்த்த நாளெல்லாம் அத்தை அந்த ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்தத் துணிகளைப் பார்த்தாள்.

நான் திரும்பியதும் ஆவலோடு காட்டுவாள். "அந்தா, அந்த மூணாவது சன்னல்ல கைக்கொழந்த இருக்குது, பாரு, துண்டு துண்டாத் துணி. அதுக்கு மேல ஊட்டுல மூணும் பசங்க. அதுக்குப் பக்கத்துல ஒத்த ஆளுதான் போல இருக்குது கண்ணு, பாவம், ரெண்டே சட்டைய மாத்தி மாத்தித் தொவைக்கறாரு." பிறகு கேட்பாள். "நீ போன பக்கம் நம்ம மீனு தட்டுப்பட்டுதா?"

"இல்லீங்கத்தை."

"பாத்தியா, பாக்கவே இல்லியா?"

உண்மையில் நான் தேடவே இல்லை. எனக்கு அந்தக் கேள்வியே எரிச்சலாக இருந்தது. இவ்வளவு பெரிய ஊரில் வந்து பனியன் தேடுவதா என்று நினைத்தேன். "நாளைக்குப் பாக்கறனுங்க" என்று சொல்லிவிட்டுப் பென்சில் பெட்டியைத் திறந்து மூடி விளையாடப் போய்விடுவேன். அவள் மறுபடி ஜன்னலுக்குத் திரும்புவாள். அந்தக் கழிகளில் ஒன்றிலாவது மீன் காயாதா என்று.

கடைசி நாள் பாய் காரோடு வந்தார். அன்றைக்குத்தான் பெரிய பையரோடு சாப்பாடு. அதுவரை பாய் கடை வேலையில் இருந்ததால் எங்களோடு சுற்ற ஆளை அனுப்பியிருந்தார், தான் வரவில்லை. அறைக்குள் வந்தவர் அத்தையைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "அக்கா, எங்கெல்லாம் பார்த்தீங்க? பறவைக் காடு எப்படி?" என்றார்.

அத்தை அப்பாவைப் பார்த்தாள். "நல்லா இருந்துதுங்க பாய்" என்றாள்.

சின்னவன் உளறிவிட்டான். "நானும் அத்தையும் போகல. நாங்க சன்னல்."

பாய் கார் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டார். "இன்னைக்கு அக்கா வந்தாத்தான் கார் கிளம்பும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் விளையாட்டு இல்லை. அத்தை ஓடிப்போய்ச் சேலை மாற்றினாள். இருந்ததிலேயே நல்லதாக, பண்டிகை நோம்பிக்குக் கட்டும் அரக்குச் சேலை.

பெரிய பையரின் கடை ஒரு கட்டடம் முழுக்க இருந்தது. வாசலைத் தாண்டியதும் உள்ளேயே ஒரு செயற்கை நீர்வீழ்ச்சி, அதைச் சுற்றிப் பிள்ளைகள். பையர் சீனர், நரைத்த தலை, மெல்லிய குரல். எங்களை வரவேற்கக் கீழேயே வந்து நின்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. அப்பாவின் ஆங்கிலம் எஸ், நோ, குட் குவாலிட்டி என்ற அளவில்தான். நடுவில் பாய் நின்று இரண்டு பக்கமும் பேசினார். அப்பா உள்ளங்கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த ஆர்டர் கிடைத்தால் கொட்டகை கம்பெனி ஆகிவிடும் என்று வழியெல்லாம் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு வந்திருந்தார்.

அப்போதுதான் அத்தை, "அய்யோ சாமி" என்றாள்.

நீர்வீழ்ச்சியின் ஓரத்தில் ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன். ஆகாய நீலம். ஆரஞ்சு மீன். கண் இருக்க வேண்டிய இடத்தில் கண். அத்தை சின்னவனை என் கையில் திணித்துவிட்டு வெசையாகப் போனாள். பையனுக்கு முன்னால் மண்டியிட்டு, அவன் முகத்தைப் பார்த்தாள், மீனைப் பார்த்தாள், சட்டையின் கீழ்மடிப்பைப் பிடித்து உள்பக்கம் திருப்பினாள். அந்தப் பையன் பயப்படவில்லை. என்னவோ விளையாட்டு என்று நினைத்து இளித்துக்கொண்டு நின்றான்.

மடிப்பின் ஓரத்தில் ஒரு பிசிறு தொங்கியது. எத்தனையோ துவையலுக்குப் பிறகு எப்படியோ கழன்று வந்திருக்க வேண்டும். அந்த மாதிரி நூலை இழுத்தால் மடிப்பு முழுக்கச் சரசரவென்று பிரிந்துவிடும், வெட்டத்தான் வேண்டும். கத்திரி கையில் இல்லாத நேரத்தில் செக்கிங் பெண்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அத்தை குனிந்தாள், மடிப்பை வாய்க்குக் கொண்டுபோய் அந்த நூலைப் பல்லால் கடித்தாள்.

பையனின் அம்மா போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஓடிவந்து பையனைப் பிடுங்கினாள், அவன் சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தாள், அத்தையைத் தோளில் கைவைத்துத் தள்ளினாள். அத்தை பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். உதட்டில் அந்த நூல் ஒட்டியிருந்தது. "ஒண்ணுமில்லீங்கம்மா, பிசிருங்க, பிசிரு" என்று தமிழிலேயே சொன்னாள். காவலாளி வந்தான். ஜனம் கூடியது. அவ்வளவு தள்ளுமுள்ளிலும் அவள் கண் அந்த மீன் மேலேயே இருந்தது. அவள் சந்தோஷமாக இருந்தாள். அதை நான் பார்த்தேன்.

பையர் புருவத்தைச் சுருக்கிப் பாயிடம் என்னவோ கேட்டார். பாய் அப்பாவின் பக்கம் திரும்பினார். பதற்றமே இல்லாமல், எல்லாம் சரியாகிவிடும் என்கிற குரலில் சொன்னார். "யாரு இந்தம்மான்னு கேக்குறாரு. உங்க அக்கா, இந்தச் சட்டையைப் பார்த்து அனுப்பினதே அவங்கதான்னு சொல்லிடுறேண்ணே. நல்லாவே எடுத்துக்குவாரு. நான் பேசிக்கிறேன்."

அப்பா என்ன செய்திருக்க வேண்டும்? தலையை ஆட்டினால் போதும். பாய் கதவைத் திறந்தே வைத்திருந்தார். அப்பா கூட்டத்தைப் பார்த்தார், பையரின் பளபளத்த பூட்ஸைப் பார்த்தார், தரையில் கிடந்த அரக்குச் சேலையைப் பார்த்தார்.

"வேண்டாங்க பாய். ஊட்டு வேலைக்குக் கூட்டிட்டு வந்தவங்கன்னு சொல்லிருங்க" என்றார். அந்த நேரத்திலும் மரியாதை குறையவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

பாய் பையர் பக்கம் திரும்பவில்லை. அத்தையைத்தான் பார்த்தார். அத்தைக்கு நன்றாகக் கேட்டிருந்தது. கையை ஊன்றி எழுந்தாள். சேலையைத் தட்டிவிட்டாள். "அப்படியே சொல்லிப்போடுங்க பாய். ஊட்டு வேலக்காரிதானுங்க நானு" என்றாள். பிறகு அந்தப் பையனின் அம்மாவைப் பார்த்தும், காவலாளியைப் பார்த்தும், பையரைப் பார்த்தும் ஒவ்வொருவராகக் கும்பிட்டாள்.

அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அழுகை வரவில்லை. நிம்மதியாக இருந்தது. அப்பாடா, இவள் எங்களைச் சேர்ந்தவள் இல்லை என்று ஆகிவிட்டது, இனி யாரும் எங்களைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள் என்று. என்னைத் தூக்கி வளர்த்த கையைப் பற்றித்தான் அப்படி நினைத்தேன். இதை எழுதும்போது என் முகம் எரிகிறது.

சாப்பாடு மேல்மாடியில். மேசை வட்டமாக, நடுவில் சுழலும் பலகையோடு இருந்தது. அத்தை எங்களோடு உட்காரவில்லை. யாரும் சொல்லாமலே சுவரோரம் பைகளை வைத்துக்கொண்டு நின்றாள், வேலைக்காரி நிற்பது மாதிரியே. பரிமாறுகிற பெண் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். அத்தை வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டாள். அம்மா தட்டை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை. சின்னவனுக்கு மட்டும் நடந்தது எதுவும் தெரியாது. என் மடியிலிருந்து இறங்கத் துடித்துக்கொண்டு, "அத்தே, வா! அத்தே, இங்க உக்காரு!" என்று மேசைக்கு இந்தப் பக்கமிருந்து கத்திக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு தடவையும் அப்பா தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தார். பையருக்கு என்ன புரியும், குழந்தை சமர்த்து என்று சிரித்தார். பாய் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

ஆர்டர் கிடைத்தது. அந்த ஆர்டரில்தான் வீரபாண்டியில் இடம் வாங்கினோம், அந்த ஆர்டரில்தான் நீங்கள் வந்து விளையாடிய எங்கள் மாடி வீடு எழும்பியது. பாய் அப்புறமும் சரக்கு எடுத்தார், கணக்கு வழக்கெல்லாம் சுத்தமாகவே இருந்தது. ஆனால் திருப்பூர் வந்தால் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார். பாய்க்கு வயசாகிவிட்டது, கொள்ளு ஒத்துக்கொள்வதில்லை என்றார் அப்பா. நானும் அதை நம்பினேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் அத்தை அப்பாவோடு பேசவில்லை. கோபமாகவும் இல்லை. கேட்டால் பதில் சொன்னாள். ஆனால் அவர் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. அப்பாவும் மன்னிப்பு, வருத்தம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மெட்ராஸிலிருந்து ரயிலில் வரும்போது ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி அவளுக்குக் காபி வாங்கி வந்து கொடுத்தார். அவள் எல்லாவற்றையும் வாங்கிக் குடித்தாள். ஈரோடு வருவதற்குள் அவளுக்கு வயிறு கெட்டுப்போனது.

ஊருக்கு வந்த மறுநாளே டேபிளுக்குப் போய்விட்டாள். லீவு முடிந்து அன்று திறந்த பள்ளிக்கூடம் விட்டு நான் வந்தபோது கொட்டகையில் வேலையே ஓடவில்லை. செக்கிங் பெண்கள், மிஷின்காரர்கள், அயர்ன் போடுகிற பையன்கள் எல்லாம் அத்தையைச் சுற்றி ஒட்டுக்காக நின்றிருந்தார்கள். ஆளுக்கொரு கோடாலித் தைலப் பாட்டில் கொடுத்திருந்தாள். கிளி தோளில் உட்கார்ந்ததைச் சொன்னாள், சிங்கம் தண்ணீர் துப்பியதைச் சொன்னாள். நான் சாயங்காலங்களில் அறையில் உளறியதையெல்லாம் கோர்த்து, நான் பார்த்ததைவிட அழகாகச் சொன்னாள். படிக்கட்டு தானாக நகர்வதைச் சொல்லும்போது, ஏறுவதற்குத் தான் பயந்ததை நடித்தே காட்டினாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

துணி வெட்டும் கட்டிங் பக்கமிருந்து அப்பா வந்தார். வேலை நிற்கிறதே என்று சத்தம் போடத்தான் வந்திருப்பார். அவரைக் கண்டதும் சிலர் நகர்ந்தார்கள். அப்போது அந்த ஊத்துக்குளிக்காரி கேட்டாள். "அதெல்லாம் இருக்கட்டுமுங்கக்கா. மீனு? நம்ம மீன யாராச்சும் போட்டிருந்தாங்களா?"

"ஏன் போடாம? போட்டிருந்தாங்காயா. சின்னப் பையன், சின்னவனாட்டவே இளிப்பு. கண்ணு அதுது எடத்துல அம்சமா இருக்குது. ஒரு பிசிரு மட்டும் தொங்குச்சு. போயி வெட்டியுட்டேன்."

"அய்யய்யோ! அவிங்க ஒண்ணுஞ் சொல்லலீங்களா?"

"பையனோட அம்மாளுக்குக் கோவந்தான். யாரு என்னன்னு தெரியாதல்ல? எந் தம்பிதான் முன்னால வந்து சொன்னான். அத்தன சனத்துக்கு முன்னால, அந்தப் பெரிய பையருகிட்ட. இது என்ற அக்கா, இவங்க பாத்து அனுப்புன பீஸுதான் இதுன்னு."

கொட்டகை முழுக்க அப்பாவைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வையில் அப்படி ஒரு மரியாதை. "நெசமாவா மொதலாளி?" என்றான் ஒரு அயர்ன்காரப் பையன், வாயெல்லாம் பல்லாக. அப்பா நின்ற இடத்திலேயே நின்றார்.

அத்தை தலையைத் தூக்கினாள். அந்த நீர்வீழ்ச்சிக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவரை நேராகப் பார்த்தாள். "சொல்லு தம்பி. கேக்கறாங்கல்ல" என்றாள். குரலில் ஒரு துளி கோபம் இல்லை.

எல்லோரும் காத்திருந்தார்கள்.

"ஆமா" என்றார் அப்பா. அது போதாது என்பது போல அத்தை பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்பா கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "என்ற அக்கான்னுதான் சொன்னேன். என்ற அக்கா பாத்த பீஸுன்னு சொன்னேன்."

பெண்கள் கைதட்டினார்கள். அத்தையும் சேர்ந்து கைதட்டினாள். அப்பா திரும்பிக் கட்டிங் பக்கம் போய், அங்கே ஒரு மூலையில் அடுக்கிவைத்த துணி அட்டிக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். நான் போய் எட்டிப் பார்த்துவிட்டு, கூப்பிடாமல் திரும்பிவிட்டேன். அதன் பிறகு அத்தை இருந்தவரைக்கும் அவர் செக்கிங் டேபிள் பக்கம் வந்ததே இல்லை.